சின்ன வயதுக் காயத்தோடு வளர்ந்த பெண் எந்தக் கதவை முதலில் தட்டலாம்? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பெண்களுக்காக ஓர் ஒப்பீடு

கல்யாணமாகி, பிள்ளை பெற்று, எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்த பிறகு, முப்பது முப்பத்தைந்து வயதில் ஒரு பெண் கேட்கிறாள்: "சின்ன வயசுல நடந்தது இப்ப வந்து ஏன்க்கா தூக்கத்தக் கெடுக்குது? இத நான் எங்க போய்ச் சொல்றது?" மகளிர் குழுக்களோடு வேலை செய்கிறவர்களிடம் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். பெரும்பாலும் கூட்டம் முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகுதான் வரும். முதல் பாதிக்கு மருத்துவம் பதில் சொல்லும். இரண்டாவது பாதிக்கான பதில், அவள் இருப்பது அரூரா ஓசூரா, அன்றாடம் கூலிக்குப் போகிறவளா, கையில் தனியாக ஒரு போன் இருக்கிறதா என்பதைப் பொறுத்து மாறும். அந்த இரண்டாவது பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தப் பக்கத்துப் பெண் குழந்தைகள் பட்ட காயங்கள் பல வகை. அப்பாவும் அம்மாவும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, சொந்தக்காரர் வீட்டில் விடப்பட்டு, அங்கே யாருடைய கைக்கோ அகப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திக் கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். குடித்துவிட்டு வரும் அப்பாவின் சத்தம் கேட்டதும் தம்பியை இழுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகையில் ஒளிந்தவர்கள் இருக்கிறார்கள். "உன்னப் பொறந்தன்னிக்கே முடிச்சிருக்கணும்" என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவர்களும் உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிறகு தருமபுரிக்கும் கொண்டுவரப்பட்டது. அதை நினைத்துப் பார்த்தால், இந்தப் பேச்சு அந்தக் குழந்தையின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று தெரியும்.

இதில் எதுவும் அபூர்வமானதல்ல. மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அது உடம்பில் எப்படித் தங்குகிறது என்பதை அமெரிக்காவின் சான் டியேகோவில் 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு காட்டியது. ஃபெலிட்டி, ஆண்டா என்ற இரு மருத்துவர்கள் 1998இல் அதன் முதல் முடிவுகளை வெளியிட்டார்கள். சின்ன வயதுத் துன்பங்களின் எண்ணிக்கை கூடக்கூட, பெரியவர்களான பின் மனச்சோர்வு, தற்கொலை முயற்சி, இதய நோய் எல்லாமே கூடுகின்றன என்று தெரிந்தது. ஆகவே, ஸ்கேன் எடுத்தும் காரணம் பிடிபடாத தலைபாரம், நெஞ்சுப் படபடப்பு, விடியற்காலை இரண்டு மணிக்கு விழித்துக்கொள்வது, பிள்ளைமேல் காரணமில்லாமல் பாயும் கோபம், இவற்றை எல்லாம் "உன் மனப்பிராந்தி" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அதே நேரம், அந்த எண்ணிக்கை யாருடைய தலையெழுத்தும் ஆகிவிடாது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் நாற்பது வயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, மனநோயுள்ள பெற்றோர் என்று பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தேறினார்கள். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த செய்தி. பதின்வயதில் தடுமாறிப்போன மற்றவர்களிலும் பெரும்பாலானோர் முப்பது, நாற்பது வயதுக்குள் எழுந்துவிட்டார்கள். இரண்டாவது முறை கிடைத்த படிப்பு, நிலையான ஒரு துணை, ஒரு வழிபாட்டுக் கூட்டம், கையில் ஒரு வேலை, இவைதான் அவர்களுக்குத் திருப்பமாக இருந்தன. பெண்களிடம் இந்த மாற்றம் இன்னும் அதிகமாகத் தெரிந்தது.

இந்த மீட்சி ஒரே நாளில், ஒரே ஆளால் நடந்ததல்ல. அதனால், எங்கே போவது என்று யோசிக்கும் பெண்ணுக்கு என் அளவுகோல் ஒன்றுதான்: அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக முடியுமா? அடுத்த வாரமும், அதற்கடுத்த மாதமும், வீட்டில் பெரிய பொய் சொல்லாமல், கூலி இழக்காமல் போய்வர முடியுமா? நாட்டிலேயே பெரிய மருத்துவர் இருந்தாலும், ஒரே ஒரு முறை பார்க்கக்கூடியவரால் இந்தக் காயத்துக்கு அதிகம் செய்ய முடியாது. கீழே உள்ள எல்லா வழிகளையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

வாயை மூடிக்கொண்டு இருப்பதா, வீட்டில் சொல்வதா

"சொல்லி என்ன ஆகப்போவுது, தாங்கிக்கிட்டேன், தாங்கிக்கிட்டே போயிடறேன்" என்பவர்களைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. எட்டு வயதில், பத்து வயதில் அந்த மௌனம்தான் அவர்களைக் காப்பாற்றியது. ஆனால் அன்று காப்பாற்றியது இன்று தூக்கத்தைத் தின்கிறது என்றால் அதற்கு மேல் அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அதற்காக எல்லோரும் எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. நன்றாகத் தூங்கி, வேலை பார்த்து, பிள்ளைகளோடு சிரிக்க முடிகிற பெண் பழையதைத் தோண்ட வேண்டிய கட்டாயம் கிடையாது.

சொல்வது என்று முடிவெடுத்தால், பலர் முதலில் நினைப்பது கணவரையோ அம்மாவையோதான். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன்: முதல் ஆளாக அவர்களைத் தேர்ந்தெடுக்காதீர்கள். முதன்முறை சொல்லும்போது எதிரே இருப்பவர் கொடுக்கும் பதில் காயத்தை ஆற்றவும் செய்யும், இன்னும் ஆழப்படுத்தவும் செய்யும். குறை சொல்லும் பதிலைக் கேட்டவர்களுக்கு மனபாதிப்பு கூடுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அம்மாவுக்கு அது அவர் தம்பியைப் பற்றிய செய்தியாக இருக்கலாம். "அப்பவே ஏன் சொல்லல" என்று கேட்பார், அல்லது அழுதுவிட்டு "வெளிய சொல்லாத" என்பார். கணவர் நல்லவராகவே இருந்தாலும், அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். நல்லவர் இல்லை என்றால் அடுத்த சண்டையில் அதையே எடுத்து எறிவார். வீட்டில் சொல்ல வேண்டிய காலம் வரலாம். அப்போது உங்கள் பின்னால் இன்னொருவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்க வேண்டும்.

யாரிடமும் சொல்ல முடியாதவர்களுக்கு ஒரு சின்ன வழி உண்டு. ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு நாள் தொடர்ந்து பதினைந்து நிமிடம் தங்கள் துயரத்தைப் பற்றி எழுதியவர்கள் பிறகு மருத்துவரிடம் போவது குறைந்தது. எழுதியதை வேறு யாரும் படித்து ஆறுதல் சொல்ல வேண்டும் என்று இல்லை. எழுதிவிட்டு அடுப்பில் போட்டுவிடலாம். ஆனால் எழுதும்போது உடம்பு நடுங்கி, நடந்தது கண் முன்னே திரும்ப வருகிறது என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த அளவுக் காயத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

போனா, ஆஸ்பத்திரியா, பெங்களூரா

14416 என்பது டெலி-மானஸ் எண், அரசின் மனநல உதவி போன். 2022 அக்டோபர் 10ஆம் தேதி நாடு முழுக்கத் தொடங்கியது. தமிழிலேயே பேசலாம், இரவு பகல் எந்நேரமும் பேசலாம், பணம் கிடையாது. பென்னாகரத்துக்கு உள்ளே ஒரு மலைக்கிராமத்தில் இருக்கிற பெண்ணுக்கு, பஸ் ஏறாமல், யாரிடமும் காரணம் சொல்லாமல் திரும்பத் திரும்பப் போக முடிகிற ஒரே இடம் இதுதான். களை எடுத்துவிட்டு வரும் வழியில் ஒரு புளியமரத்தடியில் நின்று பேசிவிடலாம். ஊர் பெயர் தெரிந்த ஆள் எதிரே இல்லை என்பதே பலருக்கு நாக்கை அவிழ்த்துவிடும்.

குறையும் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே ஆள் எடுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. முதலிலிருந்து மறுபடி சொல்வது வலிக்கும். அதற்கு ஒரு வழி: முழுக் கதையையும் சொல்ல வேண்டாம். "சின்ன வயசுல ஒரு ஆளால பாதிக்கப்பட்டேன், இப்ப தூக்கம் இல்ல, பயமா இருக்கு, எங்க மாவட்டத்துல யாரப் பாக்கலாம்?" இவ்வளவு போதும். போனைக் கணவரோ மகனோ எடுத்துப் பார்ப்பார்கள் என்றால், பேசி முடித்ததும் அந்த எண்ணை அழித்துவிடுங்கள். போனை நான் முதல் படியாகச் சொல்வேன், கடைசிப் படியாகச் சொல்ல மாட்டேன். பல வருடக் காயத்தை ஆற்றும் சிகிச்சை நேரில்தான் நன்றாக அமைகிறது.

நேரில் என்றால், தருமபுரி மாவட்டத்துக்கு 2008இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கிருஷ்ணகிரிக்கு 2022 ஜனவரியில் திறந்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மனநலப் பிரிவுக்கு ஓ.பி. சீட்டுப் போட்டுப் பார்க்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் தாலுகா ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று அங்கேயே கேட்டு வைத்துக்கொண்டால், அரூர்க்காரி தருமபுரிவரை போக வேண்டியதில்லை. 2021இலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதும் இங்கே கணக்கில் வர வேண்டியது. கணவரிடம் பஸ்ஸுக்குக் காசு கேட்டால் "எங்க போற?" என்ற கேள்வி வரும். காசு கேட்கத் தேவையில்லாதபோது அந்தக் கேள்வி பாதி குறைகிறது.

ஓ.பி.யில் கூட்டம். மருத்துவர் ஐந்து நிமிடம் பார்த்து மாத்திரை எழுதக்கூடும். மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் மருந்துகள் வேலை செய்ய சில வாரம் எடுக்கும். அதற்குள் "ஒண்ணும் கேக்கல" என்று விட்டுவிடுகிறவர்களும், சற்று தேறியதும் தாங்களே நிறுத்தி மறுபடி விழுகிறவர்களும் நிறையப் பேர். மருந்துக்கடையில் சொந்தமாகக் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை வேறு கதை. அது பழக்கமாகிவிடும், காயத்தைத் தொடாது. ஆனால் மாத்திரையோடு நிற்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பழைய அதிர்ச்சியிலிருந்து மீளாத பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது பேச்சுவழிச் சிகிச்சையைத்தான். நடந்ததைப் பற்றிய எண்ணங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் பார்க்க வைக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை ஒன்று, நினைவை மனதில் நிறுத்தியபடி கண்களை இடம் வலமாக அசைக்கச் செய்யும் சிகிச்சை இன்னொன்று. எனவே "எனக்கு உளவியலாளர்கிட்டத் தனியாப் பேச நேரம் வேணும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்லவும் கேட்கலாம். சொன்னதைக் காக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவரைக் கட்டுப்படுத்துகிறது. ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்: இப்போது ஒரு குழந்தைக்குப் பாலியல் துன்பம் நடக்கிறது என்று தெரியவந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது அவர்களுக்குக் கட்டாயம்.

மத்திய அரசின் பெரிய மனநல மருத்துவமனையான பெங்களூரு நிம்ஹான்ஸ் ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. ஓசூரில் கம்பெனி வேலை பார்த்து, ஷிப்டுக்கு ஏற்றபடி வார விடுமுறை எடுக்க முடிகிற பெண்ணுக்கு அது நல்ல வழி. அவ்வளவு அனுபவமுள்ள இடம் தென்னிந்தியாவில் குறைவு. ஆனால் ஊத்தங்கரையிலிருந்தோ பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்தோ போகிறவள் விடிவதற்குள் கிளம்பி, இரவு திரும்பி, ஒரு நாள் கூலியையும் பஸ் செலவையும் விட்டு, எத்தனை முறை போவாள்? மாவட்ட ஆஸ்பத்திரி மருத்துவர் அனுப்பினால் போங்கள், நோய் சிக்கலானது என்றால் கட்டாயம் போங்கள். முதல் கதவாக அதை வைத்துக்கொண்டு, "அங்க போக முடியல, அதனால எங்கயும் போகல" என்று ஆகிவிடக் கூடாது.

செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தாலோ, கையில் பூச்சிமருந்தை எடுத்து வைத்துப் பார்த்திருந்தாலோ, இந்த ஒப்பீடு எதுவும் வேண்டாம். அன்றே 14416க்குப் பேசுங்கள், அல்லது 108ஐக் கூப்பிட்டு அருகிலுள்ள அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பூச்சிமருந்தை வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

குழுவும் கோயிலும்

தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழு முதலில் முளைத்த மண் தருமபுரி. 1989இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு இங்கேதான் தொடங்கியது. கிருஷ்ணகிரி 2004இல்தான் தனி மாவட்டமானது, ஆகவே அந்தப் பெருமை இருவருக்கும் பொது. வாரம் ஒரு நாள் வீட்டைவிட்டு வெளியே வர ஒரு காரணம், தன் பெயரில் ஒரு பாஸ்புக், தீர்மான நோட்டில் தன் கையெழுத்து. சின்ன வயதிலேயே "நீ எதுக்கும் லாயக்கில்ல" என்று கேட்டு வளர்ந்தவளுக்கு இவை என்ன செய்யும் என்பதை நேரில் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். திரும்பப் போக முடிகிற இடம் என்ற கணக்கில் குழுவுக்குத்தான் முதல் மதிப்பெண்.

ஆனாலும் ரகசியத்தைக் குழுவில் வைக்கச் சொல்ல மாட்டேன். ஒரே தெருவில் பத்துப் பன்னிரண்டு பெண்கள், அவர்களில் ஒருத்தி உங்கள் நாத்தனாராக இருப்பாள், இன்னொருத்தி அந்த ஆளின் மருமகளாகக்கூட இருப்பாள். குழுவில் நம்பிக்கையான ஒருத்தியைத் தனியே பிடித்துக்கொள்ளுங்கள், அவளிடமும் "எனக்குத் துணைக்கு ஆஸ்பத்திரி வருவியா" என்று கேட்டால் போதும். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவப் படிப்பு இல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறு முதல் எட்டு அமர்வுகளில் கடும் மனச்சோர்வுக்குப் பேச்சுச் சிகிச்சை தந்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். நம் மகளிர் குழுக் கூட்டமைப்புகளில் ஊருக்கு ஒருத்திக்கு அப்படி ஒரு பயிற்சி கிடைத்தால் எவ்வளவோ மாறும் என்பது என் நீண்ட நாள் ஆசை.

கோயில், மாதா கோவில், தர்கா என்று போய் மனம் லேசாகிறவர்கள் போகட்டும். கவாய் ஆய்விலும் அது பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. மாரியம்மன் முன்னால் வாய்விட்டு அழுத பெண்ணுக்கு அந்த அழுகை உண்மையான ஆறுதல். ஆனால் "பயந்துகிட்டா, பேய் புடிச்சிருக்கு" என்று வேப்பிலையால் அடித்து ஓட்டுகிற இடத்துக்கு அவளைக் கூட்டிப்போகாதீர்கள். ஏற்கெனவே ஒருவன் கையால் துன்பப்பட்ட உடம்பு அது. கட்டி வைப்பது சட்டப்படி குற்றமும்கூட. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகியதை நம்மால் மறக்க முடியாது.

விட்ட படிப்பு

சிகிச்சையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சேர்த்துச் சொல்வதில்லை. நான் ஆஸ்பத்திரிக்குச் சமமாக இதை வைப்பேன். பள்ளி நின்றுபோனதும் காயத்தின் ஒரு பகுதிதான். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வீட்டிலிருந்தே மேலே படிக்கலாம். தையல், நர்சரி, அழகுக்கலை, எதுவானாலும் சரி, தன் பெயரில் ஒரு சான்றிதழ். இதற்கு யாரிடமும் ரகசியம் சொல்ல வேண்டியதில்லை, "படிக்கப் போறேன்" என்றால் போதும். தூக்கம் முழுதாகக் கெட்டு, உடம்பு நடுங்கும் நிலையில் புத்தகத்தைத் திறக்க முடியாது என்பது உண்மை. அந்த நிலையில் முதலில் மருத்துவம், இரண்டு மூன்று மாதம் கழித்துப் படிப்பு.

வழக்கு

பழைய குற்றத்துக்கு இப்போது புகார் கொடுக்கலாமா? கொடுக்கலாம். போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி புகார் தரக் காலக்கெடு இல்லை என்று 2018இல் மத்திய அரசு தெளிவுபடுத்தியது. அதற்கு முன் நடந்ததற்குப் பழைய தண்டனைச் சட்டம் பொருந்தும். பாலியல் வன்கொடுமைக்கு அதிலும் காலவரம்பு இல்லை. குழந்தைத் திருமணத்தை ரத்து செய்யக் கேட்பதற்கு மட்டும் கெடு உண்டு: 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண் இருபது வயது முடிவதற்குள் நீதிமன்றம் போக வேண்டும்.

சட்டம் கைவிடாது என்பதற்கு நம் தருமபுரி மாவட்டத்திலேயே வாச்சாத்தி என்ற பழங்குடிக் கிராமம் இருக்கிறது. 1992 ஜூன் மாதம் அங்கே 18 பெண்கள் சீருடைக்காரர்களால் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011 செப்டம்பர் 29ஆம் தேதி, அந்த வழக்கில் குற்றம்சாட்டப்பட்டு உயிரோடிருந்த 215 அரசு ஊழியர்களும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே தேதியில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முப்பத்தொரு வருடம். அந்தப் பெண்கள் ஊராக, சங்கமாக, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றதால் நிற்க முடிந்தது. தனியாக ஒருத்தி, சொந்த மாமன்மேல் வழக்குப் போட்டு, சாட்சிக் கூண்டில் திரும்பத் திரும்ப அதையே சொல்வது வேறு. நீதி வேண்டும் என்றால் போங்கள், முழு உரிமையும் உங்களுடையது. தூக்கம் திரும்ப வேண்டும் என்பதற்காக மட்டும் வழக்கை நம்பாதீர்கள். வழக்கு நடக்கும்போது சிகிச்சையும் கூடவே நடக்க வேண்டும். பெண்கள் உதவி எண்ணான 181ஐக் கூப்பிட்டால் மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி சொல்வார்கள். சட்ட ஆலோசனை, மனநல ஆலோசனை இரண்டும் அங்கே ஒரே கூரையின் கீழ்.

ஆக, பென்னாகரம் பக்கம் கைக்குழந்தையோடு இருக்கும் கூலிக்காரப் பெண் என்றால், முதலில் 14416, பிறகு தாலுகா ஆஸ்பத்திரியில் மருத்துவர் வரும் கிழமை, துணைக்குக் குழுவில் ஒருத்தி. ஓசூர் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் இருபத்திரண்டு வயதுக்காரி என்றால் நேரே நிம்ஹான்ஸ் போகலாம், சம்பளம் கையில் இருக்கும்போதே விட்ட படிப்பில் சேரலாம்.

மூன்றாவது ஒருத்தி இருக்கிறாள், அவளைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். நாற்பதை நெருங்குகிறாள். இத்தனை வருடம் எதுவும் இல்லாமல் இருந்துவிட்டு, மகளுக்குப் பத்து வயதானதும் பழையதெல்லாம் கிளம்பிவிட்டது. தனக்கு அது நடந்த வயதை மகள் தொடும்போது தாய்க்கு இப்படி ஆவது உண்டு. பைத்தியம் பிடித்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. அவளுக்கு மாவட்ட ஆஸ்பத்திரியில் உளவியலாளரோடு தொடர்ச்சியான பேச்சுச் சிகிச்சைதான் என் முதல் தேர்வு. மகளுக்குத் தன் கதையைச் சொல்ல வேண்டாம். எந்த இடத்தில் யார் தொடக்கூடாது, தொட்டால் யாராக இருந்தாலும் உடனே அம்மாவிடம் ஓடிவர வேண்டும், அம்மா திட்ட மாட்டாள், 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது என்று சொல்லிவைத்தால் போதும். அந்த ஆள் இன்னும் விசேஷங்களுக்கு வீட்டுக்கு வருகிறவனாக இருந்தால், மகளை அவனோடு ஒரு நிமிடமும் தனியே விட வேண்டாம். யார் முகம் சுளித்தாலும் சரி, அதற்குக் காரணம் சொல்ல வேண்டிய கடமை அவளுக்கு இல்லை.